இரவு ஒன்பதரை மணிப் பழுது: வேலைப் பயணத்துக்கு ஒரு சாப்பாட்டுப் பை

தொழிற்சாலைகளில் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசர்களைப் பழுது பார்ப்பது என் வேலை. மாதத்தில் பன்னிரண்டு நாளாவது வெளியூரில்தான் இருப்பேன். நான்கு வருடத்தில் ஒன்பது கிலோ ஏறியது. அதுவும் பரவாயில்லை என்று விட்டிருப்பேன். போன வருடப் பரிசோதனையில் இரத்த அழுத்தம் 146/92 என்று வந்தது. மருத்துவர் சீட்டில் எழுதியபடியே, தலையைத் தூக்காமல், "வெளிச்சாப்பாட்டைக் குறைச்சுக்குங்க" என்றார். மாதத்தில் பாதி நாள் வெளியிலேயே கிடப்பவன் எதை எடுத்து எதைக் குறைப்பது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

அப்புறம் எட்டு மாதத்தில் பதினொரு பயணம் போனேன். அதில் ஒரு பையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றினேன். எது வேலை செய்தது, எது காலை வாரியது என்று குறித்து வைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இது உணவுத் திட்டம் இல்லை. எனக்கு அந்தப் படிப்பும் இல்லை. சர்க்கரை, சிறுநீரகம் என்று ஏதாவது சிகிச்சையில் இருப்பவர்கள் அளவுகளைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் எதையும் தொடாமல் பார்த்தது

ஒரு கம்ப்ரசர் அடிக்கடி டிரிப் ஆகிறது, அதாவது தானே நின்றுவிடுகிறது என்று கூப்பிட்டால், போனதும் ஸ்பேனரை எடுக்க மாட்டோம். எத்தனை மணிக்கு டிரிப் ஆகிறது, அப்போது வெப்பம் எவ்வளவு, லோடு எவ்வளவு என்று பதிவைப் பார்ப்போம். என் வயிற்றுக்கும் அதையே செய்தேன். இரண்டு பயணம், மொத்தம் ஒன்பது இரவு. பாக்கெட் நோட்டில் நேரம், என்ன சாப்பிட்டேன், சாப்பிடும் முன் பசி ஐந்துக்கு எவ்வளவு என்று மூன்றே பத்தி. பழக்கம் எதையும் மாற்றவில்லை. சிப்ஸ் தின்றால் சிப்ஸ் என்றே எழுதினேன்.

நான் எதிர்பார்த்தது, எல்லா வேளையும் மோசமாக இருக்கும் என்று. அப்படி இல்லை. காலையில் ஓட்டலில் முட்டை, பழம் எல்லாம் இருக்கிறது, நானும் ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன். மதியம் தொழிற்சாலை கேன்டீன். பிரமாதமில்லை, ஆனால் சோறு, பருப்பு, ஒரு காய் என்று தட்டு நிறைகிறது. கோளாறு முழுவதும் இரவில். ஒன்பது இரவில் ஏழு இரவு, ஒன்பதரை மணி வாக்கில், அறைக்கு வந்ததும் கப் நூடுல்ஸ் அல்லது ஏதாவது பொரித்தது, அதன் மேல் ஒரு சாக்லேட். அந்த ஏழு இரவிலும் பசிப் பத்தியில் ஐந்து.

பதிவை இன்னும் கொஞ்சம் மேலே பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு. அதன் பிறகு ஒன்பது மணி நேரம் டீயும் பிஸ்கட்டும்தான். மோட்டார் சூடாகி நிற்கும். காரணம் அங்கே இருக்காது, எங்கோ அடைத்துக் கிடக்கும் ஃபில்டரில் இருக்கும். டிரிப் ஒன்பதரைக்கு, அடைப்பு ஐந்து மணிக்கு. இத்தனை வருடம் எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். ஃபில்டர் அடைத்த இயந்திரத்தைப் பார்த்து நாம் அப்படித் திட்டுவதில்லை.

ஆக, பைக்கு இரண்டே வேலை. மாலை ஐந்துக்கு ஒரு சின்னத் தீனி. இரவு ஒன்பதரைக்கு, எதையும் யோசிக்கத் தேவையில்லாமல், மூடியைத் திறந்தால் சூடாக ஒரு சாப்பாடு.

ஐந்து மணித் தீனி

இது சுலபம் என்று நினைத்து முதல் நாளே சொதப்பினேன். பாதாம் நல்லது என்று 200 கிராம் பாக்கெட் ஒன்றை வாங்கிக் காரில் வைத்தேன். சைட்டிலிருந்து ஓட்டலுக்கு ஒன்றே கால் மணி நேர வழி. போய்ச் சேர்ந்தபோது பாக்கெட்டின் அடியில் தோல்தான் இருந்தது. பாதாம் 100 கிராமுக்கு ஏறத்தாழ 580 கலோரி. நல்ல பொருளைத்தான் தின்றேன், ஆனால் இரண்டு வேளைச் சாப்பாட்டை ஸ்டியரிங் பிடித்துக்கொண்டே முடித்துவிட்டேன்.

அடுத்த பயணத்திலிருந்து வீட்டிலேயே தராசில் வைத்து 30 கிராம் கவர்களாகப் பிரித்தேன். நாளுக்கு ஒன்று. இன்னொரு கவரில் உப்பில்லாமல் வறுத்த கொண்டைக்கடலை 40 கிராம். புரதம் ஏழெட்டு கிராம் கிடைக்கும், மெல்ல நேரமாகும், கை பிசுபிசுக்காது. கூடவே ஒரு பழம். வாழைப்பழம் கருவிப்பையில் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆரஞ்சு அடிதாங்கும், ஆனால் நகத்தில் கிரீஸ் இருக்கும்போது உரிக்க முடியாது. ஆப்பிளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக் கொண்டுபோவது என்று முடிந்தது.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று: கம்ப்ரசர் எண்ணெயும் உலோகத் தூளும் ஒட்டிய கையோடு வாயில் போடாதீர்கள். வெளியே போய், சோப்புப் போட்டுக் கழுவி, உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முதல் சில நாள் வேலை மும்முரத்தில் மறந்தே போனேன். கூட வரும் பையனிடம் சொல்லி வைத்தேன். இப்போது அவனே "அண்ணா, அஞ்சாச்சு" என்று கத்துவான். அவனுக்கும் ஒரு கவர் எடுத்துப்போக வேண்டியிருக்கிறது. அது கூலி.

பிளாஸ்க்

பையின் இதயம் இதுதான், நேரத்தை அதிகம் தின்றதும் இதுதான். அகலமான வாய் கொண்ட, இரட்டைச் சுவர் எஃகுப் பிளாஸ்க். கொதிநீரையும் தானியத்தையும் உள்ளே போட்டு மூடிவிட்டால் தன் சூட்டிலேயே வேகும். அடுப்பு வேண்டாம், மின்சாரமும் கெட்டிலுக்கு மட்டும்தான். மாலை ஐந்து மணிக்குத் தீனி தின்னும்போதே நிரப்பி மூடிவிட்டால் ஒன்பதரைக்குத் தயாராக இருக்கும் என்பது கணக்கு.

முதல் முயற்சி: 500 மில்லி பிளாஸ்க், மசூர் பருப்பு 35 கிராம், உடைத்த கோதுமை 25 கிராம். தண்ணீர், கேன்டீன் டிஸ்பென்சரின் சுடுநீர்க் குழாயிலிருந்து. இரவு திறந்தால் கோதுமை வெந்திருந்தது, பருப்பு சுண்ணாம்பு மாதிரி கடித்தது. மறுநாள் என் வேலை வெப்பமானியைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோய் அந்தக் குழாயில் பிடித்தேன். 84 டிகிரி. ஆவி பறக்கிறது என்பதால் கொதிநீர் என்று நம்பியிருந்தேன். டீப் பைக்குப் போதும், பருப்புக்குப் போதாது. அன்றிலிருந்து சைட் ஆபீஸ் கெட்டிலில் தளதளவென்று கொதித்த தண்ணீர் மட்டும்தான்.

கொதிநீரை ஊற்றியும் இன்னொரு நஷ்டம் இருக்கிறது. பிளாஸ்கின் உட்சுவரும் தானியமும் அறை வெப்பத்தில் இருப்பதால் மூடிய சில நிமிடத்திலேயே உள்ளே 88 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. வெறும் பிளாஸ்கை முதலில் கொதிநீரால் சுடவைத்தால் 92. இப்போது செய்வது இன்னும் எளிது. தானியத்தைப் பிளாஸ்கிலேயே போட்டு, அது மூழ்கும் வரை கொதிநீர் ஊற்றி மூடி, ஒரு நிமிடம் குலுக்கி அந்தத் தண்ணீரை வடித்துவிடுவேன். பருப்பு கழுவியது போலவும் ஆயிற்று, பாத்திரமும் தானியமும் சேர்ந்து சூடாகவும் ஆயிற்று. பிறகு மறுபடி கொதிக்கவைத்த தண்ணீரை ஊற்றினால் தொடக்கமே 95 டிகிரி. நாலரை மணி நேரம் கழித்துத் திறக்கும்போது 74 இருந்தது. இந்த மூன்று நான்கு டிகிரிக்காக இவ்வளவா என்று கேட்கலாம். சுண்ணாம்புப் பருப்புக்கும் குழைந்த பருப்புக்கும் நடுவே இருப்பது அந்த மூன்று நான்கு டிகிரிதான்.

பிளாஸ்கை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பினால்தான் சூடு நிற்கும். பாதி நிரப்பினால் வேகமாக ஆறிவிடுகிறது. விளிம்புவரை நிரப்பினால் திறக்கும்போது கையில் தெறிக்கும், அதனால் ஒரு விரற்கடை விட வேண்டும்.

500 மில்லி எனக்குப் போதவில்லை. 60 கிராம் தானியம் என்பது இருநூற்றுச் சொச்சம் கலோரி. ஒன்பதரைக்குச் சாப்பிட்டு, பன்னிரண்டு மணிக்குப் பசியில் விழித்து, அறையில் விலை ஒட்டி வைத்திருந்த சாக்லேட்டைப் பிரித்தேன். ஆரோக்கியம் என்ற பெயரில் அளவைக் குறைத்தால் இரவு பழிவாங்கும். இப்போது 700 மில்லி பிளாஸ்க். பருப்பு 50 கிராம், உடைத்த கோதுமை 50 கிராம், மிளகுத்தூள், கால் தேக்கரண்டி உப்பு, உலர்ந்த காய் ஒரு பிடி, முடிந்தால் வழியில் வாங்கிய கீரை ஒரு கைப்பிடி. கீரையைக் கடைசியில் மேலே திணித்து மூடினால் போதும், தானே வாடிவிடும். உலர்ந்த காயில் முழுப் பட்டாணியைத் தவிர்த்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பட்டாணி ஊறாமல் வேகாது.

பருப்பையும் கோதுமையையும் வீட்டில் லேசாக வறுத்து, நாளுக்கொரு கவராகக் கட்டி, மேலே கிழமையை எழுதிவிடுவேன். உப்பும் மிளகும் அதற்குள்ளேயே போட்டது தப்பு என்று முதல் நாளே தெரிந்தது: முதல் தண்ணீரை வடிக்கும்போது எல்லாம் போய்விடுகிறது. அவற்றுக்குத் தனிச் சின்னப் பொட்டலம்.

ஒருநாள் பாதி சாப்பிட்டுவிட்டு அப்படியே மூடித் தூங்கிவிட்டேன். காலையில் மூடியைத் திருகியதும் சோடா பாட்டில் மாதிரி சீறியது. உள்ளே புளித்திருந்தது. 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் கிருமிகளுக்கு அது சொகுசான வீடு. மிச்சம் வைக்க பிளாஸ்க் சரிப்படாது, மிச்சமிருந்தால் கொட்டிவிட வேண்டும்.

ராஜ்மா: இதைச் செய்யாதீர்கள்

ஐந்தாவது பயணத்தில் மசூர் அலுத்துப்போயிற்று. ராஜ்மாவை முதல் நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் மாலை பிளாஸ்கில் போட்டேன். இரவில் தோல் மென்மையாக, நடுவே கொஞ்சம் கடிபடும்படி இருந்தது. பசி. சாப்பிட்டேன். இரண்டு மணி நேரத்தில் குமட்டல் தொடங்கி, விடியும்வரை குளியலறைத் தரையில்தான் இருந்தேன். மறுநாள் வேலைக்குப் போகவில்லை.

வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் தெரிந்தது. சிவப்பு ராஜ்மாவில் ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற லெக்டின் வகை நச்சுப் புரதம் நிறைய இருக்கிறது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதித்தால்தான் அது செயலிழக்கும். 30 நிமிடம் கொதிக்க வையுங்கள் என்று சொல்பவர்களும் உண்டு. 80 டிகிரி வாக்கில் அரைவேக்காடாக வைத்தால் பச்சையாக இருப்பதைவிட நச்சுத்தன்மை கூடவும் செய்யலாம். பிளாஸ்க் கொடுப்பது அதே வெப்பம்தான். மெதுவாகச் சமைக்கும் மின்பானைகளிலும் இதே ஆபத்து உண்டு. நாலைந்து வேகாத பயறே ஒருவரைப் படுக்கவைக்கப் போதும். நான் ஒரு கிண்ணம் சாப்பிட்டிருக்கிறேன்.

ராஜ்மா வேண்டுமென்றால் டின்னில் வருவதை வாங்குங்கள், அது ஆலையிலேயே முழுக்க வேகவைத்தது. தண்ணீரை வடித்து ஒரு முறை அலசினால் உப்பும் கொஞ்சம் குறையும். பிளாஸ்குக்கு உடைத்த மசூர், கோதுமை, ஓட்ஸ் என்று சீக்கிரம் வேகிறவை மட்டும். கோழியோ மீனோ பச்சையாகப் போடும் யோசனையே வேண்டாம்.

மலைமேல் ஒரு சைட்

ஏழாவது பயணம் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் ஒரு சைட். எல்லாம் முறைப்படி செய்தும் பருப்பு மறுபடி சுண்ணாம்பு. இந்த முறை சந்தேகம் பிளாஸ்க் மேல் போனது, மூடி வாஷரைக்கூடக் கழற்றிப் பார்த்தேன். இத்தனைக்கும் அன்று பகல் முழுவதும் அதே இடத்தில், உயரத்தில் காற்று மெலிவாக இருப்பதால் கம்ப்ரசர் ஏன் குறைவாகத் தருகிறது என்று வாடிக்கையாளருக்கு விளக்கிக்கொண்டிருந்தவன் நான். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்கும். அங்கே கெட்டில் கொதித்ததே 93 டிகிரியில். பருப்பை விட்டு ஓட்ஸுக்கு மாறினேன். 70 கிராம் ஓட்ஸ், 30 கிராம் பால்பவுடர், இரவு அதுதான். கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 30 கிராமில் புரதம் பத்து கிராம் கிடைக்கும், ஃப்ரிட்ஜ் தேவையில்லை, சிந்தினாலும் துடைத்துவிடலாம். அப்போதிலிருந்து அவசரத்துக்கு இரண்டு கவர் ஓட்ஸ் எப்போதும் பையின் அடியில் இருக்கிறது.

அறையின் சின்ன ஃப்ரிட்ஜ்

தயிரும் வேகவைத்த முட்டையும் வைக்கலாம் என்று திட்டம். உணவு 5 டிகிரிக்குக் கீழோ 60 டிகிரிக்கு மேலோ இருக்க வேண்டும், சமைத்ததை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியை நிறுத்தி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்கினேன். தண்ணீரில் வைப்பது ஏனென்றால், கதவைத் திறந்ததும் காற்றின் வெப்பம் மாறிவிடும், தண்ணீர் சீக்கிரம் மாறாது. காலையில் 12 டிகிரி. இந்தச் சின்ன ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் கம்ப்ரசரே கிடையாது. சத்தம் வரக்கூடாது என்பதற்காக வேறு முறையில் குளிர்விக்கிறார்கள். பானம் சில்லென்று இருக்க அது போதும், உணவைக் காக்கப் போதாது. (கம்ப்ரசர் இல்லை என்பதில் எனக்குத் தொழில்முறை வருத்தம் வேறு.)

அன்று மாலை திரும்பி வந்து பார்த்தால் 19 டிகிரி. சாவி அட்டையைச் சுவரிலிருந்து உருவினால் அறை மின்சாரம் முழுக்க நிற்கிறது, ஃப்ரிட்ஜும் சேர்த்து. இதைப் பார்த்த பிறகு தயிரைக் கொட்டிவிட்டேன். எல்லா ஓட்டலும் இப்படி இல்லை. ஆனால் அட்டையை உருவிவிட்டு ஃப்ரிட்ஜ் விளக்கு எரிகிறதா என்று பார்க்காமல் இப்போது எதையும் உள்ளே வைப்பதில்லை.

இதற்குக் கிடைத்த மாற்று, பையில் எதையும் சேர்க்காமலே வந்தது. மாலை ஆறு மணிக்கு சைட்டிலிருந்தே ஓட்டலுக்குப் போன் போட்டு, "ஒன்பதரைக்கு வருவேன். வேகவைத்த முட்டை இரண்டு, வேகவைத்த காய் ஒரு தட்டு, எண்ணெய் வேண்டாம், உப்பு தனியா" என்று சொல்லிவிடுவது. மெனுவில் இருக்காது, கேட்டால் பெரும்பாலும் செய்து தருகிறார்கள். அவர்களுக்கும் இது ஐந்து நிமிட வேலைதான். கவனியுங்கள், ஆறு மணிக்கு. அப்போதுதான் ஐந்து மணித் தீனி உள்ளே போயிருக்கும், நிதானமாகப் பேச வரும். இதே போனை ஒன்பதரைக்குப் போட்டால் என் வாயிலிருந்து வருவது பொரித்ததுதான். எழுதிப் பார்த்திருக்கிறேன், இரண்டு முறை அப்படித்தான் ஆனது.

பயணக் குக்கர்

வாங்கினேன், கைவிட்டேன். சுருக்கமாகச் சொல்கிறேன். கைக்கடக்கமான 400 வாட் மின்குக்கர், 230 வோல்ட்டுக்கானது. 115 வோல்ட் ஊரில் பிளக் மாற்றியைப் போட்டுச் செருகினேன். பிளக் மாற்றி வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. வோல்ட் பாதியானால் வெப்பச் சுருளின் திறன் கால்பங்கு, அதாவது 100 வாட். முக்கால் மணி நேரம் ஆகியும் கொதிக்கவில்லை. தலைகீழாகச் செய்வதுதான் ஆபத்து: 115 வோல்ட் சாதனத்தை 230-இல் செருகினால் நாலு மடங்கு, எரிந்துவிடும். அதோடு பல ஓட்டல்களில் அறையில் சமைக்கவே தடை, ஆவியே புகை அலாரத்தைக் கத்தவைக்கலாம். அறையின் கெட்டிலில் நூடுல்ஸோ முட்டையோ வேகவைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாவுச்சத்து பொங்கும், அடியில் கருகிப் பிடிக்கும். அடுத்து வருகிறவர் அதில்தான் டீ போடுவார்.

விமானத்தில் போகும்போது

உலர்ந்த பொருள் என்பதால் இந்தப் பைக்குப் பெரும்பாலும் தொல்லை இல்லை. பிளாஸ்க் காலியாக இருக்க வேண்டும். கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதி 2006 முதல் உலகம் முழுக்கப் பரவியது. சில விமான நிலையங்கள் புது ஸ்கேனர் வைத்துத் தளர்த்தியிருந்தாலும், திரும்பி வரும் ஊரில் பழைய விதி இருக்கலாம். தயிரும் வேர்க்கடலை வெண்ணெயும் அங்கே திரவக் கணக்கு. ஒரு புது டப்பா வேர்க்கடலை வெண்ணெயை இப்படிப் பறிகொடுத்தேன். பால்பவுடர் மாதிரி மாவுப்பொருள் 350 மில்லிக்கு மேல் போனால் சில நாட்டு விமானங்களில் தனியாகப் பிரித்துப் பார்ப்பார்கள். பிரிக்காத, பெயர் அச்சிட்ட பாக்கெட்டில் இருந்தால் பேச்சு குறையும்.

நாடு விட்டு நாடு போகும்போது பழம், விதை, பருப்பு, இறைச்சி, பால் பொருள்களுக்குப் பல நாடுகளில் தடையோ நிபந்தனையோ உண்டு. விமானத்தில் கொடுத்த ஆப்பிளைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாலும் அபராதம் விழலாம். வருகைப் படிவத்தில் "உணவு இருக்கிறதா" என்ற கேள்விக்கு ஆம் என்றே எழுதுங்கள், மிஞ்சிப்போனால் எடுத்துக்கொண்டு அனுப்புவார்கள். அப்படிப்பட்ட இடங்களுக்கு வெறும் பிளாஸ்கும் காலிக் கவரும் தராசும்தான் எடுத்துப்போகிறேன், பொருளை இறங்கியதும் மளிகைக் கடையில் வாங்கிக்கொள்கிறேன். முதல் மாலை அரைமணி நேரம் அதற்குப் போகும்.

உப்பு, விருந்து, மற்றவை

கப் நூடுல்ஸின் உறையை ஒருநாள் நிதானமாகப் படித்தேன். சோடியம் 1,600 மில்லிகிராம். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு: 4 கிராம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. என் மருத்துவர் சொன்னதன் பொருள் அந்த உறையில் இருந்திருக்கிறது. இப்போது கப் நூடுல்ஸ் கையில் கிடைத்தால் மசாலாப் பொட்டலத்தில் மூன்றில் ஒன்றுதான், சாற்றையும் குடிப்பதில்லை.

வாடிக்கையாளர் விருந்துக்குக் கூப்பிட்டால் போய் நன்றாகச் சாப்பிடுகிறேன். மாதத்தில் இரண்டு மூன்று வரும். அங்கே பிளாஸ்கை எடுத்து மேசையில் வைத்தால் அடுத்த ஆர்டர் வராது. அன்றைக்கும் ஐந்து மணிக் கவரை மட்டும் விடுவதில்லை. பசியோடு போகாதவன் தட்டு தானாகவே சின்னதாகிறது.

எட்டு மாதத்தில் எடை ஐந்து கிலோ குறைந்தது. அழுத்தம் கடைசியாகப் பார்த்தபோது 134/86. மருத்துவர் இந்த முறை தலையைத் தூக்கிப் பார்த்தார். என்ன செய்தீர்கள் என்று கேட்டார். பிளாஸ்க் கதையைத் தொடங்கினேன், வெளியே வரிசை நீளம் என்பதால் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

இப்போது பையில் இருப்பது: 700 மில்லி பிளாஸ்க், நீளக் கரண்டி, ஆப்பிள் டப்பா, கிழமை எழுதிய கவர்கள், ஓட்ஸ் இரண்டு கவர், பால்பவுடர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சின்னப் புட்டியில். வெப்பமானி இப்போது சாப்பாட்டுக்கென்று தனியாக வாங்கியது. பழையது எண்ணெய்த் தொட்டிக்கே திரும்பிவிட்டது. மொத்தம் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

பாக்கி ஒரு கோளாறு. மூடியின் சிலிக்கோன் வாஷரில் பழைய பருப்பு வாடை ஏறிவிட்டது, காலையில் அதே பிளாஸ்கில் காபி ஊற்றினால் காபியே மசூர் வாசம் அடிக்கிறது. சமையல் சோடா கரைத்த வெந்நீரில் கழற்றி இரவு முழுக்க ஊறவைத்தேன், பாதி போனது. வெயிலில் இரண்டு நாள் காயவைத்தேன், இன்னும் கொஞ்சம் போனது. உதிரி வாஷர் இரண்டு வாங்கியாகிவிட்டது. சாப்பாட்டுக்கு ஒன்று, காபிக்கு ஒன்று. அடையாளத்துக்குக் காபி வாஷரில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். திங்கட்கிழமை கிளம்பும்போது பார்க்க வேண்டும்.